நிறம் மாறுகிறது, கண்ணாடி மாறுவதில்லை: சிமியுலேட்டர் விமானங்களின் யன்னல் வேலை

நீண்டகாலம் விமானப் படையின் கையில் இருந்த மட்டக்களப்பு விமான நிலையம் 2018 மார்ச்சில் சிவில் விமானங்களுக்காகத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு, வாவிக்கு மேலால் தாழப் பறந்து இறங்கும் ஒற்றை எஞ்சின் செஸ்னா கரவானைத் திமிலைதீவுப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைகளில் சிலர், வீட்டுக் கணினியிலும், சிமியுலேட்டர் எனப்படும் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், அதைத் தரையிறக்கிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கரவான் கிடைப்பது சுலபம். மைக்ரோசொப்ட் பிளைட் சிமியுலேட்டர் 2004இலும், 2006இல் வந்த பிளைட் சிமியுலேட்டர் எக்ஸிலும், 2020 பதிப்பிலும் அது கூடவே வருகிறது. பழைய டிசி-3 விமானமும் முதல் இரண்டில் இருக்கிறது. கிடைக்காதது நமக்குத் தெரிந்த நிறம். ஆகவே பிள்ளைகள் தாங்களே ரீபெயின்ட் செய்யத் தொடங்குகிறார்கள், அதாவது விமானத்துக்கு வேறு நிறம் அடிக்கிறார்கள்.

உடம்புக்கு வெள்ளை அடிப்பது, வாலில் கோடு இழுப்பது, 4ஆர் என்று தொடங்கும் இலங்கைப் பதிவெண்ணைப் பக்கவாட்டில் எழுதுவது எல்லாம் ஓரிரு மாலையில் முடிந்துவிடும். இடறுவது யன்னலில். டிசி-3 ஒன்றுக்கு நிறம் அடித்துக்கொண்டிருந்த, கல்லடியில் இருக்கும் என் மருமகன் குரல்பதிவொன்றில் இப்படிச் சொன்னான்: “மாமா, அல்பாவில கறுப்படிச்சா ஓட்டை விழும் எண்டுதானே சொன்னாங்க? இது முகம் பாக்கிற கண்ணாடியாகிட்டு. உள்ள ஒண்டும் தெரியுதில்ல.”

அவன் செய்த வேலை சரி. அவனுக்குச் சொல்லப்பட்டதும் பாதி சரி. சொல்லப்படாத பாதிதான் இந்தக் கட்டுரை. யன்னல் வெளிச்சத்தை விடுமா விடாதா என்பதை நிறம் அடிப்பவர் தீர்மானிப்பதில்லை. விமானத்தின் மொடலைக் கட்டியவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். அவர் என்ன தீர்மானித்தார் என்று கண்டுபிடிப்பது நமது முதல் வேலை. அந்த வரம்புக்குள் நின்று கண்ணாடியைக் கண்ணாடியாகத் தெரியவைப்பது இரண்டாவது வேலை. பலர் முதலாவதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிமியுலேட்டர் விமானம் ஒன்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று மொடல்: ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆன வடிவம். மற்றது டெக்ஸ்சர்: அந்த வடிவத்தின்மேல் சுற்றி ஒட்டப்படும் தட்டையான படம். படத்தின் எந்தப் புள்ளி உடம்பின் எந்த இடத்தில் போய் உட்காரும் என்பது மொடலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மேற்பரப்பும் என்ன பொருள், அதாவது பளபளப்பான உலோகமா, மங்கிய ரப்பரா, ஒளி ஊடுருவும் கண்ணாடியா என்பதும் அங்கேதான் இருக்கிறது. மருதமுனைத் தறியில் நெய்து இறக்கிய துணியைப் பிறகு எந்தச் சாயத்திலும் தோய்க்கலாம். ஆனால் அது மெல்லிய துணியா தடித்த துணியா என்பது தறியிலேயே முடிந்துபோன விஷயம். ரீபெயின்ட் செய்கிறவர் சாயம் போடுகிறவர்.

அப்படியானால் அல்பா என்று எல்லோரும் சொல்வது என்ன? டெக்ஸ்சர் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக ஒரு எண்ணையும் சேர்த்து வைத்தால் அதுதான் அல்பா. அதுவும் மற்றவற்றைப்போல 0 முதல் 255 வரை போகும். 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவகத்தில் எட் கட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் இந்த நான்காவது சனலை, அதாவது எண் அடுக்கை, உருவாக்கினார்கள். ஒரு படத்தின் எந்தப் பகுதி எவ்வளவு மறைக்கும் என்ற தகவல் படத்தோடு சேர்ந்தே பயணிக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். லூகாஸ்ஃபிலிமில் வேலைசெய்த தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் 1984இல் அதன் கணக்கை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். இன்றைக்கும் எந்தத் திரையிலும் ஒளி ஊடுருவும் பொருள் ஒன்று தெரிகிறதென்றால் பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

கணக்கு எளியது. யன்னலின் அல்பா 64 என்று வையுங்கள். 255இல் 64 ஏறக்குறைய கால் பங்கு. திரையில் அந்த இடத்துக்குக் கண்ணாடியின் நிறத்தில் கால் பங்கும், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதில் முக்கால் பங்கும் எடுத்துக் கலக்கப்படும். அல்பா 0 என்றால் பின்னால் இருப்பது மட்டும். 255 என்றால் கண்ணாடியின் நிறம் மட்டும். படம் திருத்தும் மென்பொருளில் அல்பாவைச் சாம்பல்நிறப் படமாகப் பார்ப்போம். கறுப்பு 0, வெள்ளை 255. “கறுப்படிச்சா ஓட்டை விழும்” என்ற சொல் வந்தது இதனால்தான்.

ஆனால் அல்பா வெறும் எண். அதை என்ன செய்வது என்று மொடல்தான் சிமியுலேட்டருக்குச் சொல்கிறது. 2004 பதிப்பில் விமானத்தின் வெளிப்புறத்துக்கு இந்த ஒரே சனல் இரண்டு வேறு வேலைகளைச் செய்தது. மொடலைக் கட்டியவர் ஒரு மேற்பரப்பை ஊடுருவும் பொருள் என்று குறித்திருந்தால் அல்பா ஊடுருவலைக் கட்டுப்படுத்தும். பிரதிபலிக்கும் பொருள் என்று குறித்திருந்தால் அதே அல்பா பளபளப்பைக் கட்டுப்படுத்தும்: வெள்ளையில் பளபளப்பே இல்லை, கறுப்புக்குப் போகப் போக வானத்தையும் சுற்றுப்புறத்தையும் காட்டும் கண்ணாடிப் பளபளப்பு. என் மருமகனின் டிசி-3 உடம்பு இரண்டாவது வகை. உலோகத் தகடு மினுங்கவேண்டும் என்பதற்காக அந்த மொடலைக் கட்டியவர் அல்பாவைப் பளபளப்புக்கு ஒதுக்கிவிட்டார். யன்னல்கள் அதே தகட்டில் வரையப்பட்ட படங்கள். அங்கே கறுப்படித்தால் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகத்தான் மாறும்.

இரண்டு பொருளிலும் கறுப்பு ஏதோ ஒரு மாற்றத்தைக் காட்டுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒன்றுமே நடக்காவிட்டால் பிள்ளை உடனே வேறு வழி தேடியிருப்பான். ஏதோ நடந்ததால், இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினால் திறக்கும் என்று நம்பி இரவு முழுக்க உட்கார்ந்திருந்தான்.

இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரு சோதனை இருக்கிறது. அழகு வேலை எதையும் தொடங்குமுன் இதைச் செய்யவேண்டும் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். டெக்ஸ்சரின் பிரதி ஒன்றை எடுங்கள். யன்னல் இருக்கும் இடத்தை, நிறச் சனல்களில், விமானத்தில் எங்குமே இருக்கமுடியாத ஒரு கத்தரிப்பூ இளஞ்சிவப்பால் நிரப்புங்கள். அதே இடத்தை அல்பாவில் முழுக் கறுப்பாக்குங்கள். சேமித்து, சிமியுலேட்டரில் வேறொரு விமானத்துக்கு மாறிவிட்டுத் திரும்பி வாருங்கள். இல்லாவிட்டால் அது நினைவில் வைத்திருக்கும் பழைய படத்தையே காட்டக்கூடும். வெளியிலிருந்து பார்க்கும் கோணத்தில் விமானத்தைச் சுற்றி வாருங்கள். யன்னல் மறைந்து அந்தப் பக்கம் தெரிந்தால் அல்பா ஊடுருவலுக்கு. வானம் மினுங்கினால் பளபளப்புக்கு. இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் அந்தப் பொருள் அல்பாவைக் கவனிப்பதேயில்லை. இளஞ்சிவப்பே எங்கும் தோன்றாவிட்டால், நீங்கள் நிறம் அடித்த இடம் யன்னலே அல்ல. கண்ணாடி தனிக் கோப்பிலோ, இதே கோப்பின் வேறொரு மூலையிலோ இருக்கிறது.

கடைசியாகச் சொன்னது நல்ல செய்தி. கவனமாகக் கட்டப்பட்ட மொடல்களில் கண்ணாடி தனி முக்கோணங்களாகவும், பல தடவைகளில் தனி டெக்ஸ்சராகவும் இருக்கும். எல்லா யன்னலுக்கும் சேர்த்து விரல்நுனியளவு சதுரம் ஒன்றே போதும். கட்டியவர் எல்லாக் கண்ணாடியையும் அந்தச் சதுரத்தின்மேல் பொருத்தியிருப்பார். அப்படியானால் உடம்பின் டெக்ஸ்சரைக் கீறிக் கிழிக்கத் தேவையில்லை. அந்தச் சதுரத்தின் நிறத்தையும் அல்பாவையும் மாற்றினால் யன்னலெல்லாம் ஒன்றாக மாறும். ஒரு யன்னலை மட்டும் வேறுவிதமாக்க முடியாது என்பதுதான் அதன் விலை.

பிளைட் சிமியுலேட்டர் எக்ஸில் இந்தச் சிக்கல் ஓரளவு தளர்ந்தது. அங்கே பளபளப்புக்கு இன்னொரு படமும் உண்டு. பிரதிபலிப்பை எந்தப் படத்தின் அல்பாவிலிருந்து எடுப்பது என்பதையும் மொடல் கட்டுபவர் தேர்ந்தெடுக்கலாம். பொருள்களைக் குறிக்கும் கருவியில், ஒளி ஊடுருவும் பொருளுக்கான வழக்கமான அமைப்புகளை ஒரே அழுத்தில் நிரப்பும் பொத்தானும் வந்தது. அந்தப் பொத்தானை அழுத்த மறந்த மொடல்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று: அந்தப் பதிப்பில் டிடிஎஸ் என்ற கோப்பு வகையிலுள்ள டெக்ஸ்சர்கள் தலைகீழாக இருக்கவேண்டும். பழைய பிஎம்பி வகைப் படக்கோப்பை அப்படியே மாற்றிப்போட்டால் வால் நிறம் வயிற்றில் வரும்.

கண்ணாடி ஊடுருவும் என்று உறுதியான பிறகு அடுத்த பொறி, கோப்பைச் சேமிக்கும் விதம். கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தைச் சேமிக்க டெக்ஸ்சர்கள் சுருக்கப்படுகின்றன. 1024க்கு 1024 பிக்சல் அளவுள்ள படம் சுருக்காமல் 32 பிட்டில் இருந்தால் 4 மெகாபைட். டிஎக்ஸ்டி3 என்ற சுருக்கும் முறையில் அது 1 மெகாபைட். டிஎக்ஸ்டி1 முறையில் அதிலும் பாதி, 512 கிலோபைட். இரண்டாம் கையாக வாங்கிய பழைய கணினியில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது, அதனால் பலர் டிஎக்ஸ்டி1ஐத் தேர்ந்துகொள்கிறார்கள். ஆனால் டிஎக்ஸ்டி1இல் அல்பாவுக்கு ஒரே ஒரு பிட்தான். இருக்கிறது அல்லது இல்லை, இடைநிலை கிடையாது. நீங்கள் ஆசையாக ஊற்றிய இளம் புகைநிறக் கண்ணாடி, சேமித்தவுடன் வெறும் ஓட்டையாகவோ முழு அடைப்பாகவோ மாறிவிடும்.

டிஎக்ஸ்டி3 அல்பாவுக்கு நான்கு பிட் தருகிறது, அதாவது 16 படிகள். 255ஐ 15ஆல் வகுத்தால் 17. படிகள் 0, 17, 34, 51, 68, 85 என்று போகும். நீங்கள் 64 என்று வைத்தால் சேமிக்கும்போது அது 68ஆகும். தனி எண்ணுக்கு இது பெரிய குறையல்ல. ஆனால் மேலே கடும் நிழலும் கீழே தெளிவுமாக ஒரே யன்னலுக்குள் அல்பாவை மெல்ல இறக்கிக்கொண்டு போனால், அந்தப் படிகள் வரிவரியாகத் தெரியும். ஒரே சீரான கண்ணாடிக்கு 51, 68, 85 என்று 17இன் மடங்குகளையே நேரடியாகக் கொடுங்கள். திருத்தும்போது பார்த்ததும் பறக்கும்போது பார்ப்பதும் ஒன்றாக இருக்கும். மெல்ல மாறும் நிழல் தேவையென்றால் டிஎக்ஸ்டி5. அது நான்குக்கு நான்கு பிக்சல் கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எல்லை எண்களை எடுத்து இடைநிலைகளைக் கணிப்பதால் சரிவுகள் மென்மையாக வரும். அளவு டிஎக்ஸ்டி3க்குச் சமம். 2004 பதிப்புக்காரர்கள், கண்ணாடிக் கோப்பு சிறியதாக இருந்தால், அதை மட்டும் 32 பிட்டில் விட்டுவிடலாம். 256க்கு 256 அளவுள்ள படம் 32 பிட்டிலும் 256 கிலோபைட்தான்.

சில ரீபெயின்ட்களில் யன்னலைச் சுற்றி வெள்ளை ரோமம்போல ஒரு கோடு தெரியும். அல்பா 0 உள்ள பிக்சலுக்கும் நிறம் உண்டு என்பதை மறந்ததால் வருவது அது. யன்னலை அழிப்பானால் அழித்தால், அழிந்த இடத்தில் மென்பொருள் வெள்ளையையோ கறுப்பையோ போட்டுவிடக்கூடும். சிமியுலேட்டர் தூரத்திலிருந்து காட்டும்போது பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. அந்தச் சராசரியில் ஒளிந்திருந்த வெள்ளை ஓரத்தில் கசிந்து வெளியே வருகிறது. இதற்கு மருந்து, நிறச் சனல்களில் யன்னல் சதுரத்தைக் கண்ணாடியின் கருநிறத்தாலேயே ஓரம் தாண்டி நிரப்பிவிட்டு, வடிவத்தை அல்பாவில் மட்டும் வெட்டுவது. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் பிஎன்ஜி வகைப் படக்கோப்பாக ஏற்றும்போது, ஊடுருவும் பிக்சல்களின் நிற மதிப்பையும் சேமிக்கும் தெரிவைக் குறியிட்டுவிடவேண்டும்.

இனி யன்னல் திறந்த பிறகு வரும் ஏமாற்றம். உள்ளே எட்டிப் பார்த்தால் இருக்கை இல்லை, தளம் இல்லை, எதிர்ச்சுவரும் இல்லை. விமானத்தினூடாக வாவி தெரிகிறது. திரையில் வேகத்துக்காக ஒவ்வொரு முக்கோணமும் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் வரையப்படும். விமானத்தின் வெளித்தகடு வெளியே பார்த்தபடி இருக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால் அது இல்லாத பொருள். உள்ளறையைத் தனியாகக் கட்டியிருந்தால் மட்டுமே திறந்த யன்னலுக்கு அர்த்தம் இருக்கிறது. கட்டாத மொடலில் அல்பாவைத் திறப்பது விமானத்தை வெற்றுத் தகரக் குழாயாகக் காட்டுவதில் முடியும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கரவானின் முன்கண்ணாடியூடாகப் பார்க்கையில் சுழலும் விசிறித் தட்டு மாயமாகிவிடுகிறது, அல்லது மேகமெல்லாம் மறைந்து யன்னல் வடிவத்தில் வேறொரு வானம் தெரிகிறது. இது வரையும் வரிசையில் உள்ள பிழை. கணினி ஒவ்வொரு பிக்சலுக்கும், அங்கே வரையப்பட்டது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்கிறது. அதைவிடத் தூரத்திலுள்ளது பிறகு வந்தால் வரையாமல் விட்டுவிடும். கெட்டியான பொருளுக்கு இது மிகச் சரியான முறை. கண்ணாடி முதலில் வரையப்பட்டால், அதன் தூரம் குறிக்கப்பட்டுவிடும். பின்னால் வரும் விசிறி, “எனக்கு முன்னால் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது” என்று ஒதுங்கிவிடும். கண்ணாடி ஊடுருவும் பொருள் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆகவே கெட்டியானவற்றை முதலிலும், ஊடுருவுவனவற்றைப் பின்னாலும், அவற்றுக்குள்ளும் தூரத்திலுள்ளதை முன்னதாகவும் வரையவேண்டும். அந்த ஒழுங்கும் மொடலைக் கட்டியவர் கையில்தான். டெக்ஸ்சரை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது என்று தெரிந்துகொண்டால் பல மணித்தியாலங்கள் மிச்சம்.

மற்றச் சிமியுலேட்டர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்-பிளேனில் டெக்ஸ்சர் பிஎன்ஜி கோப்பாகவே இருக்கலாம், அதன் அல்பா பெரும்பாலும் நேரடியாக ஊடுருவலுக்கு. நிறம் மாற்றிய படத்தை அல்பா இல்லாமல் சேமித்தால் கண்ணாடி முழுக்க அடைத்துவிடும், அங்கே நடக்கும் பெரும்பாலான கோளாறு அதுதான். பிளைட்கியர் இலவசம், திறந்த மூலம். மொடல் கோப்பையே எழுத்தாகத் திறந்து ஒரு பொருளின் ஊடுருவலை மாற்றலாம். பணம் கொடுத்து வாங்கமுடியாத மாணவர் ஒருவர் இந்தக் கட்டுரையில் உள்ளதையெல்லாம் கையால் தொட்டுப் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மைக்ரோசொப்ட் 2020 பதிப்பில் கண்ணாடி தனிப் பொருள் வகை. நிறப்படம், மேடு பள்ளப்படம், நிழலையும் சொரசொரப்பையும் உலோகத்தன்மையையும் மூன்று சனல்களில் சுமக்கும் கூட்டுப்படம் என்று எல்லாம் பிரிந்துவிட்டன. அங்கே ரீபெயின்ட் செய்கிறவர் கண்ணாடியைத் தொடாமல் விடுவதே நல்லது.

மொடல் இடம் கொடுக்கவில்லை, அல்பா பளபளப்புக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? மொடல் கோப்பைத் திருத்தும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அது இன்னொருவரின் படைப்பைப் பிரித்து மாற்றுவது, கட்டியவரின் அனுமதியில்லாமல் செய்து மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. மீதமிருப்பது யன்னலை வரைவது. இதை ஏதோ தோல்விபோல எடுத்துக்கொள்கிறார்கள். என் கணிப்பில், நன்றாக வரைந்த மூடிய யன்னல் மோசமாகத் திறந்த யன்னலைவிட எப்போதும் மேல்.

ஏனென்றால் உண்மையான விமான யன்னல் பகலில் வெளியிலிருந்து பார்த்தால் ஊடுருவுவதாகத் தெரிவதேயில்லை. மட்டக்களப்பு பஸ் தரிப்பிடத்தில் நண்பகலில் நின்று, டின்ட் ஒட்டாத ஒரு பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். இருண்டுதான் இருக்கும். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே இருப்பது அதில் சிறு பங்கு வெளிச்சம். கண் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டதால் உள்ளறை கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பின்மேல் கண்ணாடியின் பிரதிபலிப்பு விழுகிறது. நேராகப் பார்க்கும்போது கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு மேற்பரப்புக்கும் சேர்த்து 8 சதவீதமளவு. விமான யன்னல்களில் போடும் அக்ரிலிக்கும் கிட்டத்தட்ட அப்படியே. ஆனால் சாய்ந்து பார்க்கப் பார்க்க இந்தப் பங்கு ஏறிக்கொண்டே போய், மிகச் சரிந்த கோணத்தில் கண்ணாடி ஏறக்குறைய முழுப் பிரதிபலிப்பானாகிவிடும். ஓடுபாதையோரம் நின்று விமானத்தை வாலிலிருந்து மூக்குவரை ஒரே பார்வையில் பார்த்தால், நேரே உள்ள யன்னல் கரியதாகவும் தூரத்து யன்னல் வானநிறமாகவும் தெரிவது அதனால்தான். புதிய சிமியுலேட்டர்கள் இந்தக் கோணக் கணக்கைத் தாங்களே போடுகின்றன. 2004 பதிப்பில் அந்த மினுக்கத்தை அல்பாவிலும் நிறத்திலும் நாமே ஏற்றவேண்டும்.

ஆகவே வரையும்போது யன்னலைத் தூய கறுப்பால் நிரப்பவேண்டாம். அது ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கும். நீலமோ பச்சையோ மிக மெல்லக் கலந்த கருஞ்சாம்பல் எடுங்கள். மேல் ஓரத்தில் சட்டத்தின் நிழலாக ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் அளவுக்குக் கருமையைக் கூட்டுங்கள். கீழ்ப்பாதியில் கொஞ்சம் வெளிர வையுங்கள். நம் ஓடுபாதையைச் சுற்றி வாவி இருப்பதால் ஒளி கீழிருந்தும் எழும்புகிறது, அந்த வெளிர்வு இங்கே பொருந்தும். இருக்கையின் தலைப்பகுதி உருவத்தைப் பின்னணியைவிடச் சற்றே வேறுபட்ட கருமையில் வையுங்கள். தேடிப் பார்த்தால் மட்டும் தெரியவேண்டும். ஓரிரு யன்னலில் திரையைப் பாதி இழுத்து விடலாம். கண்ணாடிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் விளிம்பை மறக்காதீர்கள். தூரத்திலிருந்து யன்னலை யன்னலாகக் காட்டுவது கண்ணாடியைவிட அந்த மெல்லிய கோடுதான். அல்பா பளபளப்புக்கு என்பதால், யன்னல் பகுதியில் மட்டும் அதைச் சுற்றியுள்ள தகட்டைவிடக் கொஞ்சம் கருமையாக்குங்கள். தகடு மந்தமாகவும் கண்ணாடி மினுக்கமாகவும் பிரிந்து நிற்கும். என் மருமகன் முழுக் கறுப்பை நடுச்சாம்பலாக ஏற்றியபோதே டிசி-3இன் முகம் பார்க்கிற கண்ணாடி யன்னலாகிவிட்டது.

திறக்கக்கூடிய மொடலிலும் இதே பார்வைதான் வேண்டும். பயணிகள் பக்கத்து யன்னலின் அல்பாவை 0க்குக் கொண்டுபோகாதீர்கள். 136க்கும் 170க்கும் இடையில், கருஞ்சாம்பல் நிறத்தோடு வைத்தால் பகல் வெளிச்சத்தில் நம்பக்கூடியதாக இருக்கும். கொக்பிட் கண்ணாடி பெரியது, பல பக்கத்திலிருந்தும் வெளிச்சம் புகுவது. அங்கே 51, 68 என்று இறங்கலாம். இவை விதிகளல்ல, தொடங்கும் இடங்கள். காலை ஆறரைக்குக் கடல்பக்கச் சூரியனில் ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை, மாரிகால மூடிய வானத்தில் ஒரு தடவை என்று நேரத்தையும் காலநிலையையும் மாற்றிப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

இரவு வேறு கணக்கு. 2004 பதிப்பில் பகல் டெக்ஸ்சரின் பெயர் ‘டி’ (T) எழுத்தில் முடிந்தால், அதன் இரவுத் துணை ‘எல்’ (L) எழுத்தில் முடியும். யன்னலில் மஞ்சள் வெளிச்சம் எரியவைப்பது அந்தத் துணைக்கோப்பில். புதிய நிறத்துக்கு ஏற்ப அதையும் திருத்தாவிட்டால், பகலில் நம்ம ஊர் விமானமாகப் பறந்தது இருட்டியதும் பழைய நிறுவனத்தின் எழுத்தைக் காட்டும்.

ஏர் சிலோன் நிறத்தில் டிசி-3 ஒன்றைச் செய்ய விரும்புகிறவர்கள் இங்கே பலர். அந்த நிறுவனம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற்பறப்பை நடத்தியது அந்த வகை விமானத்தில்தான். கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அவற்றில் யன்னல்கள் ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும். பழைய பிலிம் நிழலை அப்படித்தான் பிடித்தது. அந்தக் கறுப்பை அப்படியே டெக்ஸ்சருக்கு எடுக்கவேண்டாம். சதுர யன்னலின் மூலை எவ்வளவு வளைந்திருக்கிறது, கோடு யன்னலுக்கு மேலால் ஓடுகிறதா நடுவால் ஓடுகிறதா என்பதைத்தான் படத்திலிருந்து எடுக்கவேண்டும். கோடு நடுவால் ஓடினால், ஒவ்வொரு யன்னல் விளிம்பிலும் அது எங்கே நின்று எங்கே மீண்டும் தொடங்குகிறது என்பது ரீபெயின்டின் தரத்தைச் சொல்லிவிடும். உடம்பின் வளைவில் டெக்ஸ்சர் சற்று இழுபடுவதால், தட்டைப் படத்தில் நேராக இருக்கும் கோடு விமானத்தில் வளைந்து விழும்; யன்னல் வரிசையையே அளவுகோலாக வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது டெக்ஸ்சர் உறையையும், விமானத்தின் அமைப்புகளை எழுதிவைக்கும் எயார்கிராப்ட் டொட் சிஎஃப்ஜி (aircraft.cfg) கோப்பில் சேர்க்கவேண்டிய வரிகளையும் மட்டும் கொடுங்கள். மொடலைச் சேர்க்கவேண்டாம், அது உங்களுடையதல்ல. அந்த வரிகளில் டைட்டில் வேறெந்த நிறத்தின் டைட்டிலோடும் ஒன்றாக இருக்கக்கூடாது, எண்களும் இடைவெளி விடாமல் வரிசையாகப் போகவேண்டும். இல்லாவிட்டால் விமானம் பட்டியலில் தோன்றாது. கூடவே ஒரு சிறு குறிப்பில், எந்தக் கோப்பின் அல்பா ஊடுருவலுக்கு, எந்தக் கோப்பினது பளபளப்புக்கு, யன்னலில் நீங்கள் வைத்த எண் என்ன என்று தமிழில் எழுதி வையுங்கள். லேயர்கள் பிரிந்தபடி இருக்கும் மூலக்கோப்பையும் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ அடுத்து அதைத் திறக்கும் பிள்ளை, இளஞ்சிவப்புச் சோதனையைத் தாண்டி நேரே கண்ணாடி வேலையில் இறங்கலாம்.